ஓவியக் கூடத்தில் அரை நாள்: எல்லாவற்றையும் சுற்றுவதா, நாலைந்து படங்களோடு இருப்பதா?

பெரிய ஓவியக் கூடம் ஒன்றுக்குப் போகப் போகிறீர்கள், கையில் இருப்பது மூன்று மணி நேரமோ அரை நாளோதான். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி. வந்தது வந்தோம், ஓர் அறை விடாமல் சுற்றிவிட வேண்டும் என்பார்கள் சிலர். வழிகாட்டி இல்லாமல் போனால் ஒன்றும் புரியாது என்பார்கள் சிலர். படங்களைப் பற்றிப் பதிவு செய்த குரலில் சொல்லும் ஆடியோ கைடு ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டால் போதுமே என்பவர்களும் உண்டு. நாலைந்து படங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் முன்னாலேயே இருந்துவிடுங்கள் என்று சொல்கிற கட்சியும் ஒன்று இருக்கிறது. நான் இந்தக் கட்சி. ஆனால் மற்ற மூன்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. எந்த மாதிரிப் படம், பார்க்கிறவர் யார், அந்த இடத்துக்குத் திரும்ப வர முடியுமா என்பதைப் பொறுத்து விடை நிறையவே மாறுகிறது.

எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்திருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 290 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் எட்டு மணி நேரம் நின்றாலும் ஒரு மாதம் போதாது, நடக்கிற நேரம் தனி. அதனால் இந்த வழி நடைமுறையில் அறைகளைக் கடந்து நடப்பதாகத்தான் முடியும். அரை நிமிடம் என்பதும் சும்மா சொன்னதல்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு படத்தின் முன்னால் ஒருவர் நின்ற நேரம் சராசரியாக 27.2 விநாடி. சிலர் நிறைய நேரம் நிற்பதால் சராசரி ஏறிவிடுகிறது. பாதிப் பேர் 17 விநாடிக்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்திலிருக்கும் விளக்க அட்டையைப் படிக்கிற நேரமும் இதிலேயே அடக்கம். 2017-இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இதையே திரும்பச் செய்தபோதும் பெரிய மாற்றம் இல்லை, சராசரி 28.63 விநாடி. மாதக்கணக்கில் ஒருவர் உட்கார்ந்து வரைந்ததை அவ்வளவு நேரத்தில் கண் உள்வாங்கிக்கொள்ள வழியே இல்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை; அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று வாசல்கள் திறந்து கிடக்கும்போது கால் தானாக நகர்கிறது.

உடம்பும் ஒத்துழைக்காது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே அருங்காட்சியகச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஓர் ஆள் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எக்கி நிற்க வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தே காட்டியிருந்தார். வெளியில் மூன்று மணி நேரம் நடந்தால் வராத அலுப்பு கூடத்துக்குள் வந்துவிடுவதற்கு நின்று நின்று நடப்பதும் ஒரு காரணம், ஒவ்வொரு சுவரிலும் கவனத்தைப் புதிதாகத் திரட்ட வேண்டியிருப்பது இன்னொரு காரணம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். போகிற வழியில் மற்றதையும் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கிளம்பினால், அந்தப் படத்தின் முன்னால் வந்து சேரும்போது உட்கார பெஞ்சு எங்கே என்றுதான் கண் தேடும்.

சரி, சுற்றிப் பார்ப்பதில் லாபமே இல்லையா? இருக்கிறது, முதல்முறை போகிறவருக்கு நிறையவே இருக்கிறது. நமக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் நாலு படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அது வேறு யாருடைய விருப்பமாகவோதான் இருக்கும். அதனால் இருபது நிமிடம், அரை மணி நேரம் எங்கும் நிற்காமல், எதையும் படிக்காமல், கூடத்தின் ஒரு பகுதியைச் சும்மா நடந்து வாருங்கள். ஏதோ ஒன்று இழுக்கும்: ஒரு நிறம், ஒரு முகம், ஏன் என்றே தெரியாமல் ஒரு படம் பிடிக்காமல் போவதுகூட இழுப்புதான். அந்த அறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். அப்புறம், நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பிவிடுகிற பழக்கம் பார்வையாளர்களுக்கு உண்டு என்பதை 1930-களிலேயே ஆய்வாளர்கள் கவனித்துவிட்டார்கள். திறந்தவுடன் போகிறீர்கள் என்றால் இடப்பக்கமோ கடைசி அறையிலிருந்தோ தொடங்குங்கள், கொஞ்ச நேரமாவது அந்த அறைகள் உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும்.

பட்டியல் படங்களை மட்டும் துரத்துவது, அதாவது பெயர்பெற்ற பத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருவது, சுற்றிப் பார்ப்பதன் இன்னொரு வடிவம். எனக்கு இதில்தான் அதிக வருத்தம். லூவரில் மோனா லிசா தொங்கும் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் 77-க்கு 53 செ.மீ., கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், முன்னால் தூக்கிப் பிடித்த ஃபோன்கள். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் லூவரிலேயே பெரிய ஓவியம் இருக்கிறது: வெரோனீஸ் 1563-இல் முடித்த, பைபிள் கதையில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நூற்று முப்பது பேர் அளவுக்கு ஆட்கள். கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. திரும்பி நின்றால் போதும், இடம் தாராளமாக இருக்கும். நடுவில் இயேசு அமர்ந்திருக்கிறார், அவர் தலைக்கு நேர் மேலே மாடத்தில் ஆட்கள் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே வாத்தியக்காரர்கள், அவர்களுடைய மேசையில் ஒரு மணற்கடிகாரம். வலப்பக்க மூலையில் பூனை ஒன்று ஜாடியைப் பிறாண்டிக்கொண்டு கிடக்கிறது. கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே என்று தேடினால் இடக்கோடியில், மேசையின் ஓரத்தில். யாருடைய கல்யாணமோ அவர்கள் ஒதுங்கிக் கிடக்க, மையம் வேறொருவருக்குப் போய்விட்டது. இறைச்சி வெட்டுவதைத் தலைக்கு மேலே ஏன் வைத்தார் என்று யோசிக்க ஆரம்பித்தால் இயேசு பலியான சிலுவை நினைவுக்கு வரும். மோனா லிசாவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பாருங்கள், ஆனால் அந்த அறையில் உங்கள் கால் மணி நேரத்தை எந்தப் பக்கம் திரும்பிச் செலவழிப்பது என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

வழிகாட்டியா, ஆடியோ கைடா, ஒன்றும் வேண்டாமா

இது மூன்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533-இல் வரைந்த 'தூதர்கள்' இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் பெரிய படம். இரண்டு ஆண்கள், நடுவில் இரண்டு அடுக்குப் பலகை, அதில் பூகோள உருண்டை, வானியல் கருவிகள், புத்தகம், லூட் என்ற நரம்பு வாத்தியம். கீழே தரையில் சாய்வாக, வெளிறிய நிறத்தில் என்னவென்றே தெரியாத ஒரு நீண்ட உரு.

தனியாகப் போனால் அந்த உரு உங்களைத் தொந்தரவு செய்யும், ஆனால் என்னவென்று தெரியாமலே திரும்பிவிடவும் கூடும். வழிகாட்டி இருந்தால் உங்களைப் படத்தின் வலப்பக்கம் சுவரை ஒட்டிக் கூட்டிக்கொண்டுபோய், இங்கிருந்து பாருங்கள் என்பார். உரு சுருங்கி மண்டையோடாக மாறும். இதை ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டுவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆடியோ கைடும் அதைச் சொல்லும், ஆனால் நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது, கேள்வி கேட்டால் பதிலும் வராது. அதே படத்தில் லூட்டின் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது, இடது மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு சிலுவை தெரிகிறது. இந்த இரண்டும் தனியாக, அவசரமில்லாமல் பார்க்கிறவருக்குத் தாமாகவே கிடைக்கக்கூடியவை. அறுந்த நரம்பை நாமே கண்டுபிடித்தால் வருகிற சந்தோஷம் பெரியது, யாராவது லேசர் புள்ளி வைத்துக் காட்டினால் அது வெறும் தகவல். ஆனால் அறுந்த நரம்பு அந்தக் காலத்தில் ஒற்றுமை குலைவதற்கு அடையாளமாக இருந்தது என்பது உற்றுப் பார்த்தால் வந்துவிடாது, அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக வழிகாட்டியின் பலம் கதை, சூழல், எங்கே நின்று பார்ப்பது என்பது. மத ஓவியங்கள், புராணக் காட்சிகள், அரசவைப் படங்கள் நிறைந்த கூடம், அந்தக் கதைகள் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் கட்டாயம் வழிகாட்டியோடு போங்கள். கையில் சக்கரம் வைத்திருக்கும் பெண் யார், உடம்பெல்லாம் அம்பு தைத்தவர் யார் என்று தெரியாமல் அரை நாள் சுற்றுவது அலுப்பு. பலவீனம் என்னவென்றால், நடக்கிற வேகம் அவருடையது. உங்களுக்குப் பிடித்த படத்தைக் குழு தாண்டிப் போய்விடும், பிடிக்காததன் முன்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். பெரிய குழுவாக இருந்தால் முன்வரிசைத் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சிறு குழுச் சுற்று என்றால் யோசிக்காமல் சேர்ந்துகொள்ளுங்கள், முடிந்ததும் அவர் தாண்டிப்போன படத்துக்குத் திரும்பி வாருங்கள்.

ஆடியோ கைடு 1952-லேயே வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலெக் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கையடக்க வானொலிப் பெட்டியைக் காதில் வைத்துக்கொள்ள, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு ஒலிபரப்பாகும், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே படத்துக்குத் திரும்புவார்கள். இப்போது எண்ணை அழுத்தி நாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம், அந்த அளவுக்கு முன்னேற்றம். ஆனாலும் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் அந்தக் குரல் சொல்கிற இடத்துக்கு மட்டும் போகிறது, குரல் நின்றதும் அடுத்த எண்ணைத் தேடிக் கால் போகிறது. ஆடியோ கைடை எடுப்பதாக இருந்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கேட்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள், பிறகு கேளுங்கள், கேட்டு முடித்ததும் நகராமல் இன்னொரு முறை பாருங்கள். கூட்டத்தோடு ஒட்டாதவர்களுக்கும், ஒரே வாக்கியத்தைத் திரும்பக் கேட்க விரும்புகிறவர்களுக்கும் வழிகாட்டியைவிட இது நல்லது. எல்லா எண்களையும் அழுத்தித் தீர்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

விளக்க அட்டையை எப்போது படிப்பது

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையை முதலில் படிப்பதா, கடைசியில் படிப்பதா? சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு வருகை எப்படி அமையும் என்பதை இது மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். பிரஸ்ஸல்ஸில் புரூகல் பெயரில் வழங்கும் ஓவியம் ஒன்று இருக்கிறது. தலைப்பைப் பார்க்காமல் அதன் முன்னால் நில்லுங்கள். முன்னால் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஏர் உழுகிறார், மண் அடுக்கடுக்காகப் புரண்டு கிடக்கிறது. கீழே ஆட்டிடையன் வானத்தைப் பார்த்து நிற்கிறான், கரையோரம் ஒருவர் மீன்பிடிக்கிறார், பச்சைக் கடலில் காற்று நிறைந்த பாயோடு ஒரு கப்பல். அமைதியான ஒரு நாள். இப்போது அட்டையைப் படியுங்கள்: 'இக்காரஸின் வீழ்ச்சியோடு ஒரு நிலக்காட்சி'. கிரேக்கப் புராணத்தில் மெழுகுச் சிறகோடு சூரியனுக்கு மிக அருகே பறந்து விழுந்த பையன். எங்கே அவன்? கப்பலுக்குக் கீழே, வலப்பக்கம், நீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள், அவ்வளவுதான். உழவர் திரும்பவே இல்லை, மீன்பிடிப்பவரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் முன்பு நீங்களும் பார்க்கவில்லை. தலைப்பை முதலில் படித்திருந்தால் நேராகக் கால்களைத் தேடிப்பிடித்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள், அந்த நாளின் அமைதி உங்களுக்குக் கிடைத்திருக்காது, அது குலைவதும் கிடைத்திருக்காது.

அதனால் ஓவியங்களைப் பொறுத்தவரை அட்டை கடைசியில்தான் என்று அடித்துச் சொல்வேன். சமகாலக் கலைக்கு வந்தால் இதே விதி தலைகீழாகிவிடுகிறது. பெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் செய்த ஒரு படைப்பு: அறையின் மூலையில் வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்களின் குவியல், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். அட்டை இல்லாமல் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது மிட்டாய்க் குவியல்தான். குவியலுக்குக் கலைஞர் வகுத்த எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ, ஒரு மனிதனின் எடை. அவருடைய துணைவர் ராஸ் எய்ட்ஸ் நோயால் அதே ஆண்டு இறந்தார். வருகிறவர்கள் எடுக்க எடுக்கக் குவியல் கரைகிறது, கூடத்தார் அதை மறுபடி நிரப்பவும் செய்யலாம். இது தெரிந்த பிறகு ஒரு மிட்டாயை எடுக்கக் கை நீளும்போது நடப்பது வேறு. இங்கே எழுத்து படைப்பின் பாதி. பொருள்களை அறையில் அமைத்துவைக்கிற நிறுவல் கலை, கருத்தையே படைப்பாக வைக்கிற கலை என்று போகிற கூடங்களில் அட்டையைத் தயங்காமல் முதலில் படியுங்கள், அங்கே வழிகாட்டியும் பெரிய உதவி.

நாலைந்து படங்கள் போதும் என்று சொல்கிற வழி

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே படத்தின் முன்னால் முழுதாக மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். தானும் அப்படி உட்கார்ந்து என்ன கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். படம் ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் வரைந்தது, மேசை முன்னால் ஒரு பையன், கையில் சங்கிலி, அதன் முனையில் பறக்கும் அணில். பையனின் காது மடலின் வளைவும் அணில் வயிற்றோரத்து ரோம விளிம்பும் ஒரே வடிவம் என்று அவர் கண்ணுக்குப் படவே ஒன்பது நிமிடம் ஆனதாம். சங்கிலியைப் பிடித்த விரல்களுக்கு இடையே உள்ள அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் கிளாசின் வாய் அகலமும் ஒன்று என்பது தெரிய இருபத்தொரு நிமிடம். படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு! இதைப் படித்தபோது எனக்குத் தைரியமாக இருந்தது, ஏனென்றால் முதல் மூன்று நிமிடத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அது நம் அறியாமை அல்ல, யாருக்கும் அப்படித்தான்.

மூன்று மணி நேரம் எல்லோராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலே ஆட்டம் மாறிவிடும். முதல் நிமிடத்தில் என்ன வரைந்திருக்கிறது என்று கண் பட்டியல் போடும். இரண்டாவது நிமிடம் போரடிக்கும், இதைத் தாண்டுவதுதான் விஷயம். மூன்று நாலு நிமிடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த நிறம் எங்கே திரும்ப வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வெர்மீரின் பால் ஊற்றும் பெண், 45.5-க்கு 41 செ.மீ. சின்னப் படம், முதல் பார்வையில் பாலும் மஞ்சள் ரவிக்கையும் நீல முன்கச்சையும்தான். நின்று பாருங்கள், அவளுக்குப் பின்னால் வெறுமையாகத் தெரிந்த வெள்ளைச் சுவர் வெறுமையாக இல்லை: ஓர் ஆணி அடித்திருக்கிறது, அதன் நிழல் விழுகிறது, பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள் இருக்கின்றன. யாரும் கேட்காத இடத்தில் அந்த ஓட்டைகளை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

தூரத்தையும் மாற்றிப் பாருங்கள், இது இலவசமாகக் கிடைக்கிற வழிகாட்டி. மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் இளவரசியின் உடை பட்டும் சரிகையுமாக மின்னும். அனுமதித்த எல்லை வரை கிட்டே போனால் அங்கே பட்டும் இல்லை, சரிகையும் இல்லை, அவசரமாக இழுத்ததுபோல் வெள்ளையும் சாம்பலுமாகத் தூரிகைத் தீற்றல்கள்தான். எந்த இடத்தில் தீற்றல் துணியாக மாறுகிறது என்று முன்னும் பின்னும் நடந்து பிடித்துப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ராத்கோவுக்கு நேர்மாறு. அவருடைய பெரிய நிறப் பரப்புகளைப் பார்க்கிறவர் சுமார் 45 செ.மீ. தூரத்தில், கிட்டத்தட்ட மூக்கு உரசுகிற அளவுக்கு நிற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அறையின் நடுவில் நின்று பார்த்துவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர் அந்தத் தூரத்தைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வழியின் நஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தேர்வு தப்பினால் பத்து நிமிடம் போச்சு. நூறு அறைக் கூடத்தில் மூன்று அறைகளைத்தான் பார்த்தோம் என்ற உறுத்தல் சிலருக்கு நாள் முழுக்க இருக்கும். கூட வந்தவர் வேகமாக நடப்பவராக இருந்தால் சண்டைதான். ஆனால் ஒரு படமே போதும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று இருக்கிறது: இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களையெல்லாம் குண்டுவீச்சுக்குப் பயந்து வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்திருந்தது. சுவர்கள் காலி. 1942-இல் மாதம் ஓர் ஓவியத்தை மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள்.

சிறப்புக் கண்காட்சியா, நிரந்தரத் தொகுப்பா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். 2023-இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் வெர்மீரின் ஓவியங்களாகச் சுமார் 37 மட்டுமே எஞ்சியிருப்பதில் 28-ஐ ஒரே இடத்தில் கூட்டிவைத்தது, ஆறரை லட்சம் பேர் வந்தார்கள். அப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் திரும்ப வராது, போகத்தான் வேண்டும். ஒருவரின் கை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பதை அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியும். ஆனால் நேரம் குறித்த டிக்கெட், முன்னால் மூன்று வரிசைத் தலைகள் என்ற நிலையில் சுவரிலுள்ள ஆணி ஓட்டையைத் தேட முடியாது. பால் ஊற்றும் பெண் அதே கட்டடத்தின் நிரந்தரத் தொகுப்பு, சாதாரண வார நாளில் அவளை நிதானமாகப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆசை என்றால் சிறப்புக் கண்காட்சி, ஒரு படத்தோடு இருக்க ஆசை என்றால் நிரந்தரத் தொகுப்பு.

புகைப்படம் எடுப்பதா என்பதற்குச் சுருக்கமான பதில்: படம் முழுவதையும் எடுக்காதீர்கள். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், புகைப்படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே மக்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால் கண் வேலை செய்திருக்கிறது. முழுப் படம் எப்படியும் இணையத்தில் உங்கள் ஃபோனைவிட நன்றாகவே கிடைக்கும்; ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' படத்தை ரைக்ஸ் அருங்காட்சியகம் 717 கிகாபிக்சலில், அதாவது எழுபத்தோராயிரம் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளில் வெளியிட்டிருக்கிறது. அதனால் அந்த ஆணியை எடுங்கள், பூனையை எடுங்கள். பிராதோவில் கேமராவுக்கே அனுமதி இல்லை, அங்கே நடக்கும்போது கூட்டத்தின் நடை வேறு மாதிரி இருப்பது தெரியும். பென்சிலும் சின்ன நோட்டும் பல கூடங்களில் அனுமதிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கையின் கோட்டை மட்டும் பார்த்துப் பார்த்து இழுத்தால், அந்தக் கட்டைவிரல் எப்படி மடங்கியிருக்கிறது என்பது மறக்காது.

யாரோடு போவது? தனியாகப் போனால் ஆழம் கிடைக்கும், பேசப் பழகிய ஒருவரோடு போனால் நம் கண்ணுக்குத் தப்பியது கிடைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் உள்ளே நுழைந்ததும் பிரிந்து போங்கள், ஒரு மணி நேரம் கழித்துச் சந்தித்து, ஆளுக்கு ஒரு படத்தைக் காட்டி ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். குழந்தைகளோடு என்றால் விளக்கமே வேண்டாம், இந்த அறையில் எத்தனை நாய் இருக்கிறது என்று கேட்டால் போதும், நாம் பார்க்காததையெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்; முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

இனி முடிவு எடுக்கிற இடம். திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரத்தில் கூடம் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டியதில்லை, ஒரு வருகைக்கு இரண்டு படங்கள், ஒரு மணி நேரம், வீட்டுக்கு வந்த பிறகு அவற்றைப் பற்றிப் படிப்பது. சிக்கல் இனி வர வாய்ப்பில்லாத ஊரில்தான். அங்கே எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை மிக வலுவாக வரும், அது நியாயமானதும்கூட. அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இது: முந்தின நாள் இரவு கூடத்தின் இணையதளத்தில் ஒரே ஒரு படத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், எந்த அறை, அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், எங்கேயும் சில அறைகள் அறிவிப்போடு அடைபட்டிருக்கும், படங்கள் வேறு ஊருக்குக் கடனாகப் போயிருக்கும். காலையில் திறந்தவுடன் நேராக அதன் முன்னால் போய் இருபது நிமிடம் நில்லுங்கள், கண் புதிதாக இருக்கும்போதே. பிறகு சிறு குழுச் சுற்று ஒன்று இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் நிற்காத நடை அரை மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, நடையில் இழுத்த மூன்று படங்களுக்குத் திரும்பிப் போய்த் தலா பத்து நிமிடம், அட்டை கடைசியில். அப்புறம் கால் தாங்குகிற வரை எங்கே வேண்டுமானாலும் சுற்றுங்கள், பெயர்பெற்றவற்றையும் பாருங்கள், அந்த நேரத்துக்கு எந்தக் கணக்கும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் வழியில் இருந்தால் காலையில் பார்த்த முதல் படத்துக்கு இன்னொரு முறை போங்கள்; நடுவில் இத்தனையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதில் காலையில் தெரியாத ஏதாவது ஒன்று பெரும்பாலும் தெரியும்.